ஒரே பாடம் நடத்தினால் போதுமா?

சான்ஃபிரான்சிஸ்கோ நகரப் பள்ளி நிர்வாகம் 1970களின் தொடக்கத்தில் நீதிமன்றத்தில் வைத்த வாதம், மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமாகத்தான் தெரிந்தது. எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே பாடப்புத்தகம், ஒரே ஆசிரியர், ஒரே வகுப்பறை. யாருக்கும் எதையும் குறைத்துக் கொடுக்கவில்லை. இதில் பாகுபாடு எங்கே வந்தது என்று கேட்டார்கள். ஆனால் அந்த வகுப்பறைகளில் உட்கார்ந்திருந்த சீனக் குழந்தைகள் பலருக்கு ஆசிரியர் பேசியது எதுவும் புரியவில்லை. ஆங்கிலம் தெரியாத சீன மாணவர்கள் அந்த நகரத்தில் 2,856 பேர் இருந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய 1,000 பேருக்குத்தான் தனியாக ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு இருந்தது. மீதி ஏறக்குறைய 1,800 பேர் காலையில் வந்து, புரியாத பாடத்தை மாலைவரை கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. ‘லாவ் எதிர் நிக்கல்ஸ்’ என்று சட்ட வரலாற்றில் இடம்பிடித்த அந்த வழக்கில், 1974 ஜனவரி 21 அன்று நீதிபதிகள் ஒருமனதாகக் குழந்தைகள் பக்கம் நின்றார்கள். மொழியே புரியாத குழந்தையிடம் மற்றவர்களுக்குக் கொடுக்கும் அதே புத்தகத்தைக் கொடுத்துவிட்டு, சமமாக நடத்திவிட்டோம் என்று ஒரு பள்ளி சொல்லிக்கொள்ள முடியாது என்பதுதான் நீதிபதி வில்லியம் டக்ளஸ் எழுதிய தீர்ப்பின் சாரம். 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டத்தின்கீழ் அரசுப் பணம் வாங்கும் எந்தப் பள்ளியும் இதற்குப் பொறுப்பேற்க வேண்டும் என்றும் ஆனது.

தீர்ப்பு வந்து ஐம்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. சான்ஃபிரான்சிஸ்கோ நிர்வாகம் அன்று சொன்ன அதே வாதம் இன்றும் உலகம் முழுக்க ஆசிரியர் அறைகளில் கேட்கிறது. “நாங்க எல்லாப் பிள்ளைங்களையும் ஒரே மாதிரிதான் நடத்துறோம், படிக்கிறதும் படிக்காததும் அவங்க கையிலதான் இருக்கு.” இதைச் சொல்கிறவர்களில் பெரும்பாலானோர் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் பிழைப்புத் தேடி வந்த குடும்பத்தின் பிள்ளை, அகதி முகாமிலிருந்து வருகிற பிள்ளை, பழங்குடி மொழி பேசும் பிள்ளை, தன் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிப்படி ஏறிய பிள்ளை என்று வகுப்பின் கடைசி வரிசையில் உட்காருகிறவர்களுக்கு, அந்த ‘ஒரே மாதிரி’யே தடையாகிவிடுகிறது.

முதல் தடை வாசலிலேயே நிற்கிறது. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலம் 1975இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. முறையான ஆவணம் இல்லாமல் நாட்டுக்குள் வந்த குழந்தைகளின் படிப்புக்கு அரசு பணம் தராது. பள்ளிகள் விரும்பினால் அவர்களைச் சேர்க்காமல் விடலாம். டைலர் என்ற ஊரின் பள்ளி நிர்வாகம் 1977இல் அந்தக் குழந்தைகளிடம் ஆளுக்கு ஆண்டுக்கு 1,000 டாலர் கட்டணம் கேட்டது. மெக்சிகோவிலிருந்து வந்து ரோஜாத் தோட்டங்களிலும் தொழிற்சாலைகளிலும் கூலி வேலை பார்த்தவர்களால் அதை எப்படிக் கட்ட முடியும்? நான்கு குடும்பங்கள் வழக்குத் தொடர்ந்தன. அவர்களுடைய அடையாளம் வெளியில் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக நீதிபதி வில்லியம் வேய்ன் ஜஸ்டிஸ் விடியற்காலையில் விசாரணையை வைத்தார். நீதிமன்றத்திலிருந்து நேராக நாடுகடத்திவிடுவார்கள் என்று பயந்து, வீட்டுச் சாமான்களைக் காரில் ஏற்றிக்கொண்டே அந்தப் பெற்றோர் விசாரணைக்கு வந்தார்கள்.

1982 ஜூன் 15 அன்று உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற வாக்கில் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. பெற்றோர் எப்படி வந்தார்கள் என்பதற்குக் குழந்தை தண்டனை அனுபவிக்க முடியாது என்றது. வழக்கில் எதிர்த்தரப்பாக இருந்த பள்ளிக் கண்காணிப்பாளர் ஜேம்ஸ் பிளைலர், தான் அந்த வழக்கில் தோற்றதே நல்லது என்று பின்னாளில் வெளிப்படையாகச் சொன்னார். அப்படி ஒத்துக்கொள்ளும் மனம் எத்தனை அதிகாரிகளுக்கு வரும்?

வாசல் திறந்துவிட்டால் வேலை முடிந்துவிட்டதா என்றால், அங்கேதான் தொடங்குகிறது.

புதிதாக வந்த குழந்தைகள் மொழியைச் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கை எல்லா ஊரிலும் இருக்கிறது. அது பாதி உண்மை. அந்தப் பாதி உண்மையால் வரும் கெடுதலை டொரோண்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜிம் கம்மின்ஸ் விரிவாக ஆராய்ந்தார். கனடாவில் ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்ற மாணவர்கள் 400க்கும் மேற்பட்டோருக்கு எழுதப்பட்ட உளவியல் பரிசோதனை அறிக்கைகளை அவர் எடுத்துப் படித்தார். பல அறிக்கைகளில் ஒரே கதை திரும்பத் திரும்ப வந்தது. குழந்தை நன்றாகப் பேசுகிறது, அதனால் மொழிப் பிரச்சினை இல்லை. அப்படியிருந்தும் தேர்வில் மதிப்பெண் குறைகிறது, அதனால் அறிவில்தான் ஏதோ குறை. இப்படி முடிவுகட்டி, நல்ல பிள்ளைகளைக் கற்றல் குறைபாடு உள்ளவர்கள் பட்டியலில் சேர்த்திருந்தார்கள்.

கம்மின்ஸ் பேச்சுமொழியையும் பாடமொழியையும் பிரித்துக் காட்டினார். விளையாட்டுத் திடலில் சமாளிக்கிற அளவுக்குப் பேச ஒரு குழந்தைக்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் போதும். பாடப்புத்தகத்தின் மொழியில் தன் வயதுப் பிள்ளைகளை எட்டிப்பிடிக்க ஐந்திலிருந்து ஏழு ஆண்டுகள் ஆகும். நம் ஊர் நிலவரத்தை வைத்துப் பார்த்தால் இது சட்டென்று புரியும். திருப்பூரில் பெட்டிக்கடை வாசலில் நின்று “அண்ணா, ரெண்டு தேன் மிட்டாய் குடுங்க, மீதி சில்லறை எங்க?” என்று கேட்கிற பீகார்ச் சிறுவனைப் பார்த்து, இவனுக்குத் தமிழ் வந்துவிட்டது என்று எல்லாரும் சந்தோஷப்படுவார்கள். அதே சிறுவன் வினாத்தாளில் ‘பின்வருவனவற்றுள் பொருந்தாததைத் தேர்ந்தெடுத்து எழுதுக’ என்பதைப் பார்த்து அப்படியே உட்கார்ந்திருப்பான். அவனுக்கு விடை தெரியாமல் இல்லை. கேள்விக்குள் போக அவனுக்கு வழி தெரியவில்லை.

இதில் பள்ளிகள் செய்கிற பெரிய தவறு, குழந்தை பேசத் தொடங்கியதும் உதவியை நிறுத்திவிடுவது. ஓராண்டு சிறப்பு வகுப்பு வைப்பார்கள், பிறகு பொது வகுப்பில் விட்டுவிடுவார்கள். உதவி அதிகம் தேவைப்படுவது அதற்குப் பிறகுதான். ஏனென்றால் நான்காம் வகுப்பிலிருந்து கணக்கும் அறிவியலும் சமூக அறிவியலும் மொழியின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கின்றன. கணக்கு ஆசிரியரும் அறிவியல் ஆசிரியரும் தங்கள் பாடத்தோடு மொழியையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தால்தான் அந்தப் பிள்ளை தப்பிக்கும். புதிய சொற்களைப் படத்தோடு சுவரில் ஒட்டுவது, ஒரு பதிலை எப்படித் தொடங்குவது என்று பாதி வாக்கியம் எழுதிக் கொடுப்பது, எழுதுவதற்கு முன் பக்கத்தில் இருப்பவரோடு பேசிப் பார்க்க விடுவது என்று எல்லாமே சின்னச் சின்ன வேலைகள்தான். ஆனால் ஐந்தாறு ஆண்டுகள் விடாமல் செய்ய வேண்டும்.

கம்மின்ஸ் வலியுறுத்திய இன்னொரு விஷயம் புலம்பெயர்ந்த பெற்றோர் பலருக்கு நிம்மதி தரக்கூடியது. “வீட்டில் இனிமேல் ஆங்கிலத்திலேயே பேசுங்கள்” என்று எத்தனையோ பள்ளிகள் பெற்றோருக்கு அறிவுரை சொல்லியிருக்கின்றன. அது தவறான அறிவுரை. தாய்மொழியில் வாசிக்கக் கற்ற குழந்தை, வாசிப்பது என்றால் என்ன என்பதை ஏற்கெனவே கற்றுவிட்டது. அந்தத் திறமை அடுத்த மொழிக்குக் கைகொடுக்கும். அரைகுறை ஆங்கிலத்தில் தடுமாறும் அம்மாவைவிட, தன் மொழியில் கதையும் கணக்கும் சரளமாகப் பேசும் அம்மாவிடமிருந்து பிள்ளை அதிகம் கற்றுக்கொள்ளும். டொரோண்டோவில் பொதுப்பள்ளி வாரியமே தமிழ் உள்ளிட்ட மொழிகளுக்கு வகுப்பு நடத்துகிறது. போர் காரணமாக யாழ்ப்பாணத்திலிருந்தும் வன்னியிலிருந்தும் அங்கே போய்ச் சேர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் அந்த வகுப்புகளில் படித்தார்கள்.

அதே கனடாவில் ஒரு கசப்பான பாடமும் உண்டு. ஒன்டாரியோ மாகாணத்தில் ஒன்பதாம் வகுப்பிலேயே பிள்ளைகளைப் பிரித்துவந்தார்கள். ஒரு பிரிவு பல்கலைக்கழகத்துக்கு இட்டுச்சென்றது, இன்னொன்று தொழில்சார்ந்த படிப்புகளுக்கும் வேலைகளுக்கும். 2017இல் யார்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்ல் ஜேம்ஸ் வெளியிட்ட அறிக்கை, டொரோண்டோ பள்ளிகளில் இந்தப் பிரிவினை எப்படி விழுந்திருக்கிறது என்பதைக் காட்டியது. வெள்ளையின மாணவர்களில் 81% பேர் உயர்கல்விக்கான பிரிவில் இருந்தபோது, கறுப்பின மாணவர்களில் 53% பேர் மட்டுமே அதில் இருந்தார்கள். பதினான்கு வயதில், ஒரு ஆசிரியரின் கணிப்பை வைத்து, ஒரு பிள்ளையின் எதிர்காலத்தை முடிவு செய்துவிட்டார்கள். மாகாண அரசு 2021இல் கணக்குப் பாடத்திலும், 2022இல் மற்றப் பாடங்களிலும் ஒன்பதாம் வகுப்பில் இந்தப் பிரிவினையை எடுத்துவிட்டது. மெல்லக் கற்பவர்கள் என்று தனி வரிசை போடும் பழக்கம் நம் பள்ளிகளிலும் இருக்கிறது. அந்த வரிசையில் யாருடைய பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை ஒவ்வொரு தலைமையாசிரியரும் ஒரு தடவை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அப்படிப்பட்ட பிள்ளைகளின் வீடுகளைத் தேடிப்போன ஆசிரியர்களும் உண்டு. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், மெக்சிகோ எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர் டூசான். அங்கே கல்வி ஆய்வாளர் லூயிஸ் மோல், மானுடவியல் ஆய்வாளர் நார்மா கொன்சாலஸ் ஆகியோர், கேத்தி அமான்டி போன்ற பள்ளி ஆசிரியர்களோடு சேர்ந்து செய்த வேலை 1992இல் கட்டுரையாக வெளிவந்தது. ஆசிரியர்கள் மாணவர்களின் வீடுகளுக்குப் போனார்கள். பிள்ளையைப் பற்றிக் குறை சொல்லவோ அறிவுரை சொல்லவோ போகவில்லை. அந்த வீட்டுக்கு என்னென்ன தெரியும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளப் போனார்கள்.

ஏழைத் தொழிலாளர் குடியிருப்பு, புத்தகம் எதுவும் கண்ணில் படாத வீடுகள். ஆனால் உட்கார்ந்து பேசப் பேச வேறொரு உலகம் திறந்தது. ஒருவருக்கு மண்ணும் பாசனமும் தெரியும். ஒருவருக்குக் கட்டடக் கணக்கு அத்துப்படி. ஒரு பாட்டிக்கு மூலிகை தெரியும். கார் இன்ஜினைப் பிரித்து மாட்டத் தெரிந்தவர்கள், எல்லை தாண்டி வியாபாரம் செய்து நாணய மாற்றுக் கணக்கை மனதிலேயே போடுகிறவர்கள் என்று வீட்டுக்கு வீடு ஏதாவது ஒரு அறிவு இருந்தது. அதில் எதுவும் பள்ளிக்குத் தெரியாது.

ஒரு சிறுவன், மெக்சிகோவிலிருந்து கொண்டுவந்த மிட்டாயை அக்கம்பக்கத்துப் பிள்ளைகளிடம் விற்றுக்கொண்டிருந்ததை ஆசிரியர் கவனித்தார். பல பள்ளிகளில் இதற்குக் கண்டிப்புக் கடிதம்தான் போகும். இந்த ஆசிரியர் அதையே பாடமாக்கினார். மெக்சிகோ மிட்டாயில் என்னென்ன சேர்கிறது, அமெரிக்க மிட்டாயில் என்னென்ன சேர்கிறது என்று வகுப்பே உட்கார்ந்து உறைகளைப் படித்துப் பட்டியல் போட்டது. மெக்சிகோ மிட்டாயில் சேர்மானம் குறைவு என்று கண்டுபிடித்தார்கள். மிட்டாய்களைப் பற்றி வரைபடம் போட்டார்கள். மிட்டாய் செய்யத் தெரிந்த ஒரு மாணவரின் அம்மா வகுப்புக்கு வந்து, எல்லார் முன்னாலும் அடுப்பு வைத்துச் செய்துகாட்டினார். வெப்பம், அளவு, விலை நிர்ணயம், உடல்நலம் என்று அறிவியலும் கணக்கும் அந்த ஒரு பாத்திரத்திலிருந்தே வந்தன. ஒரு தாய் அன்று கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்று பாடம் நடத்தினார். அவருடைய பிள்ளையின் மனதில் அது என்ன செய்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

கலிஃபோர்னியாவில் ஓக்லண்ட் சர்வதேச உயர்நிலைப் பள்ளி இதையே இன்னொரு விதமாகச் செய்கிறது. மாணவர்களும் குடும்பத்தினரும் வழிகாட்ட, ஆசிரியர்கள் அந்தச் சமூகத்தினர் வாழும் தெருக்களுக்குப் போய்வருகிறார்கள். வழிபாட்டு இடங்கள், கடைகள், சமூக மையங்கள் எல்லாவற்றையும் பார்க்கிறார்கள், சேர்ந்து சாப்பிடுகிறார்கள். அன்றைக்கு ஆசிரியர்கள்தான் மாணவர்கள்.

நியூயார்க்கில் 1985இல் லகார்டியா கம்யூனிட்டி கல்லூரி வளாகத்தில் ஒரு பள்ளி தொடங்கியது. நாட்டுக்கு வந்து நான்கு ஆண்டுகளுக்குள் இருக்கிற, ஆங்கிலம் சரியாக வராத வளரிளம் பிள்ளைகளுக்கு மட்டுமான பள்ளி அது. இன்று அதே முறையில் பல மாநிலங்களில் ஏறக்குறைய முப்பது பள்ளிகள் இயங்குகின்றன. இவை வழக்கமான மொழிவகுப்பு முறையைத் தலைகீழாக்கின. முதலில் ஆங்கிலம் கற்றுவா, பிறகு பாடம் என்ற பேச்சே இல்லை. முதல் நாளிலிருந்தே அறிவியலும் வரலாறும் நடக்கும். அதற்குள்ளேயே மொழியும் வரும்.

ஒரு மேசையைச் சுற்றி நான்கைந்து பேர் உட்காருவார்கள். ஒருவர் வந்து இரண்டு மாதம் ஆகியிருக்கும், இன்னொருவர் வந்து மூன்று வருடம் ஆகியிருக்கும். வேண்டுமென்றேதான் இப்படிக் கலந்து உட்கார வைக்கிறார்கள். ஸ்பானிஷ், வங்காளம், அரபு, சீனம் என்று யாருக்கு எது வருகிறதோ அதில் பேசிக்கொள்ளலாம், அகராதியைப் புரட்டலாம். சோதனையை எல்லாரும் சேர்ந்து செய்வார்கள், முடிவை ஆங்கிலத்தில் எழுதி வகுப்பின் முன் வைப்பார்கள். ஒரே மாணவர் குழுவுக்குப் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் வாரந்தோறும் கூடி, ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் பேசுவார்கள். யார் நேற்று வரவில்லை, யார் இரவு ஓட்டலில் பாத்திரம் கழுவிவிட்டு வகுப்பில் தூங்குகிறார், யாருக்குக் குடியேற்ற வழக்கு இருக்கிறது என்று அந்தக் கூட்டத்தில் எல்லாமே வரும். நியூயார்க்கில் உள்ள இந்தப் பள்ளிகள் பெரும்பாலான பாடங்களில் மாநிலப் பொதுத்தேர்வுக்குப் பதிலாக, மாணவர்களை ஆய்வுக்கட்டுரை எழுதவைத்து, அதை ஒரு குழு முன் நின்று விளக்கச் சொல்கின்றன. ஆங்கிலம் கற்கும் மாணவர்களில் பள்ளிப்படிப்பை முடிப்போர் விகிதம் இந்தப் பள்ளிகளில் நகரத்தின் பொதுச் சராசரியைவிடத் தொடர்ந்து அதிகமாகவே இருந்துவருகிறது.

பெற்றோர் கூட்டம் என்ற ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். மொழி தெரியாத அப்பா பள்ளிக்கு வருகிறார். “உங்க பையன் கணக்குல ரொம்பப் பின்தங்கியிருக்கான்” என்று ஆசிரியர் சொல்ல, அதை அந்தப் பையனே அப்பாவுக்கு மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவன் என்ன சொல்வான் என்பது இருக்கட்டும். அப்பாவுக்கும் பிள்ளைக்கும் இடையில் இருந்த மரியாதை அந்த நிமிடத்தில் தலைகீழாகிறது. பள்ளி ஒரு பெரியவரை மொழிபெயர்ப்பாளராக ஏற்பாடு செய்தால் இந்தச் சங்கடமே வராது. ஒன்டாரியோவில் 1999இல் தொடங்கிய ஒரு திட்டத்தில், புதிதாகக் குடியேறியவர்களுக்கு உதவும் சமூகப் பணியாளர்கள் பள்ளிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார்கள். வீட்டு வாடகையிலிருந்து மருத்துவ அட்டைவரை பெற்றோருக்கு வழிகாட்டுகிறார்கள். பிள்ளையின் படிப்பு குடும்பத்தின் நிலைமையிலிருந்து தனியாக நிற்பதில்லை என்பது அவர்களுக்குப் புரிந்திருக்கிறது.

கடல் தாண்டிப் போகாமலே பார்க்கக்கூடிய நல்ல உதாரணம் ஒன்று கேரளத்தில் இருக்கிறது.

எர்ணாகுளம் மாவட்டத்தில் எடையார் தொழிற்பகுதியை ஒட்டிய பினானிபுரம் அரசு உயர்நிலைப் பள்ளியில், ஒடிசா, பீகார், வங்காளத் தொழிலாளர்களின் பிள்ளைகள் நிறையப் பேர் படிக்கிறார்கள். மலையாளம் தெரியாமல் வந்த இந்தக் குழந்தைகளுக்கு அந்தப் பள்ளி ஆசிரியர்கள் ஒரு வழி கண்டார்கள். பாடத்தை முதலில் குழந்தையின் மொழியில் விளக்குவது, இடையிடையே மலையாளச் சொற்களைக் கலப்பது, நாள் போகப்போக மலையாளத்தின் அளவைக் கூட்டுவது. இந்த அனுபவத்தை எடுத்துக்கொண்டு மாவட்ட நிர்வாகம் 2017இல் ‘ரோஷ்ணி’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. நான்கு பள்ளிகளில் ஆரம்பித்து, பிறகு ஏறக்குறைய நாற்பது பள்ளிகளுக்குப் பரவியது. இந்தியும் வங்காளமும் ஒடியாவும் பேசத் தெரிந்த கல்வித் தன்னார்வலர்களைப் பள்ளிகளில் அமர்த்தினார்கள். பள்ளி மணி அடிப்பதற்கு முன், காலையில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் வகுப்பு நடந்தது. கூடவே காலைச் சாப்பாடும் கொடுத்தார்கள். அப்பாவும் அம்மாவும் விடியும் முன்னே வேலைக்குக் கிளம்பிவிடுகிற வீட்டில், அந்தச் சாப்பாடு இல்லாவிட்டால் வகுப்புக்கு யார் வருவார்கள்? 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய தமிழ்நாட்டின் காலை உணவுத் திட்டமும் இதே உண்மையின் மேல்தான் நிற்கிறது.

2019இல் பினானிபுரம் பள்ளியில், பீகாரிலிருந்து வந்த தொழிலாளி ஒருவரின் மகன் பத்தாம் வகுப்புத் தேர்வில் எல்லாப் பாடங்களிலும் ஏ பிளஸ் வாங்கினான். அடுத்த ஆண்டு மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்தின் தொல்லியல் பட்டப்படிப்பில் முதலிடம் பிடித்த மாணவியும் பீகாரிலிருந்து கொச்சிக்குப் பிழைக்க வந்த குடும்பத்தின் பெண்தான். இவர்களைப் போலத் திறமை உள்ளவர்கள் எல்லாத் தொழிலாளர் குடியிருப்புகளிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வாய்ப்பு அமைவதுதான் அரிதாக இருக்கிறது.

ரோஷ்ணித் தன்னார்வலர்களின் பங்கு மொழிபெயர்ப்போடு முடிந்துவிடவில்லை. தன் மொழி பேசும், தன் ஊரை அறிந்த ஒருவர் பள்ளிக்குள் மரியாதையோடு நடமாடுவதைக் குழந்தை பார்த்தது. அமெரிக்காவின் வட கரோலினாவில் நடந்து 2017இல் வெளியான ஆய்வு ஒன்று இதை எண்ணிக்கையாகவே காட்டியது. மூன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்புக்குள் ஒரு கறுப்பின ஆசிரியரிடமாவது படித்த, மிக ஏழ்மையான குடும்பத்துக் கறுப்பினச் சிறுவர்கள் பின்னாளில் பள்ளியை இடையில் விடும் வாய்ப்பு 39% குறைந்திருந்தது. ஒரே ஒரு ஆசிரியர், ஒரே ஒரு ஆண்டு. ஆசிரியர் நியமனம் செய்கிறவர்கள் இந்த எண்ணை மறக்கக் கூடாது.

நீலகிரியின் கூடலூரில் ராமா, ராமதாஸ் என்ற இருவர் கட்டியெழுப்பிய வித்யோதயா பள்ளி இதைப் பல ஆண்டுகளாகவே நடத்திக் காட்டிவருகிறது. பணியர், பெட்ட குறும்பர், காட்டுநாயக்கர் குழந்தைகள் பொதுப் பள்ளிகளில் நுழைந்து, தமிழும் புரியாமல் கேலியும் தாங்காமல் சில மாதங்களிலேயே காட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. 1990களின் நடுவில் ஆதிவாசிக் குழந்தைகளுக்கான பள்ளியாக வித்யோதயா மாறியபோது, அந்தச் சமூகங்களைச் சேர்ந்த இளைஞர்களையே ஆசிரியர்களாகப் பயிற்றுவித்தார்கள். குழந்தை தன் மொழியில் பேசத் தொடங்கலாம். அதன் பாட்டும் கதையும் காட்டைப் பற்றிய அறிவும் வகுப்புக்குள் வந்தன. டூசானில் ஆராய்ச்சியாகச் செய்ததை இங்கே அன்றாடப் பழக்கமாகவே செய்தார்கள்.

சென்னைக்குப் பக்கத்திலேயே, திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல் சூளைகளில் நிலைமை இன்னும் சிக்கலானது. ஒடிசாவின் பலாங்கீர் பக்கத்துக் குடும்பங்கள் முன்பணம் வாங்கிக்கொண்டு, மழைக்காலம் ஓய்ந்ததும் ரயிலேறி வருகின்றன. கோடை முடியும்போது ஊர் திரும்புகின்றன. தமிழ்நாட்டில் ஜூனில் பள்ளி திறக்கும்போது பிள்ளைகள் இங்கே இருப்பதில்லை. ஒடிசாவில் வகுப்பு பாதி நடக்கும்போது அங்கேயும் இருப்பதில்லை. இரண்டு மாநில வருகைப் பதிவேட்டிலும் பெயர் விட்டுப்போகும். அறுத்துக் காயப்போட்ட பச்சைக் கல்லை ஒவ்வொன்றாகப் புரட்டிப் போடும் வேலைக்கு எடை குறைந்த பிள்ளைகள்தான் தோது. பெரியவர் கால் பட்டால் கல் உடையும். ஒவ்வொரு கல்லுக்கும் கூலி என்பதால் பிள்ளையின் கையும் குடும்ப வருமானத்தில் சேர்ந்துவிடுகிறது. ‘ஏன் பள்ளிக்கு அனுப்பவில்லை’ என்று அந்தத் தாயைக் கேட்பதற்கு முன் இந்தக் கூலிக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

இங்கேயும் வழி இல்லாமல் இல்லை. திருவள்ளூரில் சூளைகளுக்குப் பக்கத்திலேயே வகுப்பு அமைத்து, ஒடிசாவிலிருந்து ஆசிரியர்களையும் ஒடியாப் பாடநூல்களையும் வரவழைத்துப் பாடம் நடத்தியிருக்கிறார்கள். குழந்தை ஊருக்குத் திரும்பும்போது தன் பழைய வகுப்பிலேயே தொடரலாம். பெற்றோர் வேலைக்குப் போகும் மாதங்களில் பிள்ளைகள் ஊரிலேயே தங்கிப் படிக்க ஒடிசாவில் பருவகால விடுதிகளும் நடந்திருக்கின்றன.

சட்டத்திலும் இடம் இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 4ஆவது பிரிவு, படிப்பை விட்ட குழந்தையை அதன் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, தனிப் பயிற்சி கொடுத்து மற்றவர்களுக்கு ஈடாகக் கொண்டுவரச் சொல்கிறது. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாகிறது என்பதற்காகச் சேர்க்கையைத் தள்ளிப்போடக் கூடாது என்கிறது 5ஆவது பிரிவு. இயன்றவரை குழந்தையின் தாய்மொழியில் கற்பிக்க வேண்டும் என்கிறது 29ஆவது பிரிவு. ஆனாலும் ‘டி.சி. கொண்டுவாங்க, ஆதார் கொண்டுவாங்க’ என்ற ஒரு வார்த்தையில் எத்தனையோ குடும்பங்கள் பள்ளி அலுவலக வாசலிலிருந்தே திரும்பிப் போகின்றன. இருளர் குடும்பங்களுக்கோ சாதிச் சான்றிதழ் வாங்குவதே ஒரு தலைமுறைப் போராட்டம். தாளைக் கையில் வைத்திருப்பவர்களுக்காக அமைந்த ஒரு முறை, தாள் இல்லாதவர்களை வெளியே நிறுத்தத்தான் செய்யும். அந்த அலுவலக அறையில் இருக்கும் எழுத்தர் முதலில் குழந்தையை உள்ளே அனுப்பிவிட்டு, காகிதத்தைப் பிறகு தேடலாம். அதற்குப் புதிதாக ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

செலவு ஆகிற இடம் வேறு. ரோஷ்ணி, பாரத் பெட்ரோலியத்தின் கொச்சி சுத்திகரிப்பு ஆலை கொடுத்த சமூகப் பொறுப்பு நிதியில் நடந்த திட்டம். சூளைப் பள்ளிகள் தொண்டு நிறுவனங்களின் தோள்களில் நடந்தவை. இந்தக் குழந்தைகளுக்குக் கிடைத்த நல்ல ஏற்பாடுகள் பலவும் இப்படி யாரோ ஒரு ஆட்சியரின் அக்கறையிலும் ஏதோ ஒரு நிறுவனத்தின் நன்கொடையிலும் தொங்கிக்கொண்டிருக்கின்றன. ஆட்சியர் மாறுதலாகிப் போகலாம், நன்கொடை நிற்கலாம். ஐந்திலிருந்து ஏழு ஆண்டுகள் தேவைப்படும் வேலையை ஓராண்டு நிதியில் எப்படி முடிக்க முடியும்? ஒடியாவும் இந்தியும் தெரிந்த ஆசிரியர்களுக்குக் கல்வித்துறையின் பட்ஜெட்டிலேயே நிரந்தரப் பணியிடம் வேண்டும். திருப்பூரிலும் கோவையிலும் திருவள்ளூரிலும் எந்தப் பள்ளியில் எத்தனை பேர் தேவை என்று மாவட்ட வாரியாகக் கணக்கெடுக்க வேண்டும். சூளைக் குடும்பங்கள் மழைக்காலம் முடிந்துதான் வந்து இறங்குகின்றன என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அவர்களுக்கான ஆசிரியரும் பாடநூலும் அக்டோபரிலேயே அங்கே வந்து சேர்ந்திருக்க வேண்டும்.